கிறுக்குப் போர்வை

துலூத் நகரில் நாற்பது வருஷம்
கார் சீட்டுகளுக்கு உறை தைத்தவன் நான்.
கால் அங்குலம் பிசகினால் பிரித்துவிடுவேன்.
இதற்கோ அளவுநாடாவே வேண்டாமாம்.
கிறுக்குப் போர்வை என்று பேர்.
எந்தத் துண்டும் எந்தக் கோணத்திலும் கிடக்கலாம்,
அடித்துணி பொறுத்துக்கொண்டால் சரி.
நூலகப் புத்தகத்தில் படித்துவிட்டு
இரண்டு நாள் கத்திரியைத் தொடவில்லை.
நேர்க்கோடு இல்லாமல் எங்கிருந்து தொடங்குவது?

கடைசித் தாதுக்கப்பல் ஊதிக்கொண்டு
பாலத்தடியில் போன ஜனவரி நாளில்
முதல் துண்டை வெட்டினேன்.
பழைய பியூக் ஒன்றின் கருநீல வெல்வெட்,
ஒரு பாதிரியார் சிகரெட்டால் சுட்ட துளையோடு.
அண்ணன் ரெய்னோவின் டைகள் ஐந்து
(ஆறாவதைக் கட்டித்தான் புதைத்தோம்).
பள்ளி பேண்டில் ஐலா அணிந்த சிவப்புக் கம்பளிக் கை,
துருவா ஜாமா தெரியாத கறை.
டோரீன் விட்டுப்போன மஞ்சள் சாட்டின்.
வெட்டட்டுமா என்று போன் செய்து கேட்டேன்.
விவாகரத்துக்குப் பின் பதினோரு வருஷத்தில்
சண்டையில்லாமல் முடிந்த முதல் போன்.
"வெட்டு," என்றாள், "ஆனால் நடுவில் வை."

என் ஃபிளானல் சட்டையும் உண்டு,
பச்சையும் கறுப்புமாய்க் கட்டம் போட்டு, நைந்து.
வரும்போதெல்லாம் ஐலா எடுத்து மாட்டிக்கொள்வது.

ஒட்டுகளின் ஓரமெல்லாம் பூத்தையல்:
இறகுத் தையல், மீன்முள் தையல்.
தோல் தைத்த விரலுக்குப் பட்டுநூல் பிடிபடவில்லை.
ஒரு ஓரத்தில் சிலந்தி இருந்தால் நல்லதாம்.
என் சிலந்திக்கு ஏழு கால்;
எட்டாவது போகவேண்டிய இடத்தில் ஃபிளானல் வந்துவிட்டது.

மே மாதம் பிறக்கவேண்டியவள்
பிப்ரவரிக் கடைசியில் பிறந்தாள்.
ஆயிரத்து நூற்றிருபது கிராம்.
ஹெல்மி.
போர்வையை அள்ளிக்கொண்டு ஓடினேன்,
அவளைப்போல் ஐந்து மடங்கு கனம்.

நர்ஸ் மார்லிஸ் வெல்வெட்டைத் தடவிப் பார்த்தாள்.
அழகுதான், ஆனால் உள்ளே விட முடியாது என்றாள்.
பிறகு உள்ளங்கையை விரித்தாள்.
"இந்த அளவில் மெத்தென்று இரண்டு துணி.
ஒன்று அம்மா நெஞ்சில், ஒன்று குழந்தை கன்னத்தருகே.
தினமும் மாற்றி வைப்போம்.
வாசனை போய்வரட்டும்."

பார்க்கிங்கில் வண்டி எஞ்சினை ஓடவிட்டு,
ஹீட்டர் முன்னால் விரலைக் காட்டிக்காட்டி
ஃபிளானலைப் பிரித்தேன்.
இருப்பதிலேயே ஒழுங்காய் வந்த தையல் அது.
மூன்று ராத்திரி வேலை,
ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.
வாசனையில்லாத சோப்பு தேடி நாலு கடை ஏறினேன்.
துவைத்து, காயவைத்து, பையில் போட்டுக் கொடுத்தேன்.

போர்வையில் ஓட்டை.
அடித்துணி வெள்ளையாய்த் தெரிந்தது.
கார் சீட்டானால் உறையையே மாற்றியிருப்பேன்.
இதை என்ன செய்வதென்று புத்தகம் சொல்லவில்லை.
நானும் தொடவில்லை.
நாற்காலியில் போட்டு அதன்மேல் உட்கார்ந்து
ராத்திரிதோறும் ஐலாவின் போனுக்குக் காத்திருந்தேன்.
ஆயிரத்து முந்நூறு.
ஆயிரத்து இருநூற்றைம்பது, பயப்படாதே அப்பா.
ஆயிரத்து எழுநூறு.

மே மாதம் ஏரியில் பனிக்கட்டி மிச்சமிருக்கவே
வீட்டுக்கு வந்தாள்.
துணி ஒன்றுதான் திரும்பியது.
மற்றது ஆஸ்பத்திரிச் சலவையில் எங்கேயோ.
வந்ததைத் துவைக்கக்கூடாது என்றாள் ஐலா.
புளித்த பால் மணத்தோடே வைத்துத் தைத்தேன்,
கொஞ்சம் சாய்வாக.
இன்னொரு பாதி வெள்ளையாகவே கிடந்தது.
அங்கே இடமிருந்தது,
சிலந்தியின் எட்டாவது காலை நீட்டிவிட்டேன்.

நேற்று அதில் கிடத்தினோம்.
சிலந்தியை அவள் பார்க்கவில்லை.
பேண்ட் சட்டைக் கையை ஒரு எட்டு உதைத்துவிட்டு,
சரியாக டோரீனின் சாட்டின்மேல் கக்கினாள்.

போன் செய்து சொன்னேன்.
"நடுவில்தானே வைத்தாய்?" என்றாள்.